ஸ்பிதிக்கு நான்கு வண்டிகள்: மலைமுகாம் பயணத்தைத் திட்டமிடுதல்

2023 ஜூலை இரண்டாம் வாரம். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்திரதால் ஏரியை ஒட்டிய முகாம்களில் 250-க்கும் மேற்பட்டவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஜூலை அங்கே சுற்றுலாப் பருவம். ஆனாலும் பனி கொட்டியது. குன்சும் கணவாய்ச் சாலை அடைபட்டது. உடல்நிலை மோசமானவர்களை விமானப்படை ஹெலிகாப்டர் ஏற்றிச் சென்றது. மற்றவர்கள் பனியை வெட்டி வழி திறக்கும்வரை கூடாரங்களிலேயே நாட்களைக் கழித்தார்கள். மாநில அமைச்சர் ஜகத் சிங் நேகி மீட்புக் குழுவோடு அந்தப் பனிச்சாலையில் வந்து சேர்ந்தார். கடைசியில் எல்லோரும் மீட்கப்பட்டார்கள்.

பருவம் பார்த்துப் போனவர்களுக்கே இந்த நிலை. தமிழகத்திலிருந்து விமானத்தில் டெல்லி போய் வண்டி எடுக்கிறவர்கள், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சொந்த வண்டியிலேயே கிளம்புகிறவர்கள் என்று ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போகும் தமிழர்கள் இன்று ஏராளம். மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்தால் மூன்று நான்கு வண்டிகள் சேர்ந்துவிடுகின்றன. கூடாரம், ஸ்டவ், கயிறு, கம்ப்ரஸர் எல்லாம் ஒரே வாரத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. கடையில் வாங்க முடியாதது ஒன்று உண்டு. எந்த நிலையில் பயணத்தை நிறுத்துவது, அதை யார் சொல்வது என்ற உடன்பாடு அது. குழுவாக மலைக்குப் போகும் திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது அந்த உடன்பாடுதான். வழி, வண்டி, உணவு, கூடாரம் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், எல்லாமே அங்கேதான் வந்து நிற்கின்றன.

எந்தப் பக்கமிருந்து ஏறுவது

ஸ்பிதியின் தலைமையிடமான காஸாவுக்கு இரண்டு வழிகள். ஒன்று மணாலி வழி: அடல் சுரங்கப்பாதையைக் கடந்து கோக்சர், கிராம்பூ, சத்ரு, பாதல், குன்சும் கணவாய், லோசர் என்று போகிறது. மொத்தம் 200 கிலோமீட்டருக்குள் அடங்கும். இன்னொன்று சிம்லா வழி: ராம்பூர், கல்பா, நாகோ, தாபோ என்று சட்லஜ் நதியையும் பிறகு ஸ்பிதி நதியையும் பிடித்துக்கொண்டு 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறது.

9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு மணாலி வழியின் கவர்ச்சி கூடிவிட்டது. ரோதாங் கணவாயை ஏறிக் கடக்க வேண்டாம். காலையில் மணாலியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் சந்திரதாலில் கூடாரம் போட்டுவிடலாம். விடுப்பு குறைவாக உள்ளவர்கள் இந்தக் கணக்கில்தான் விழுகிறார்கள். மணாலியின் உயரம் ஏறத்தாழ 2,050 மீட்டர். சந்திரதால் 4,300. ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறி, ஏறிய இடத்திலேயே உறங்குவது என்பது மலை மருத்துவம் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்ளாத காரியம்.

சிம்லா வழி நீளமானதுதான். ஆனால் உடம்புக்கு ஏற்ற ஏணி அதில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. சிம்லா 2,200 மீட்டர்; கல்பா 2,960; தாபோ 3,280; காஸா 3,700-ஐ ஒட்டி. ஒவ்வொரு இரவும் முந்தைய இரவைவிடக் கொஞ்சம் மேலே. காஸாவில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி, பகலில் 4,000 மீட்டருக்கு மேலுள்ள கிப்பர், லாங்சா கிராமங்களுக்குப் போய்விட்டு இரவு கீழே வந்து உறங்கினால், சந்திரதாலுக்கு உடம்பு தயாராகிவிடும். ஏரியில் ஓர் இரவு, மறுநாள் மணாலிக்கு இறக்கம். சிம்லாவில் ஏறி மணாலியில் இறங்கும் இந்தச் சுற்றுக்கு வண்டி ஓடும் நாட்கள் எட்டு என்றால், திட்டத்தில் பத்து நாட்கள் எழுத வேண்டும். அந்த இரண்டு நாட்களும் மலைக்கு ஒதுக்கியவை. அவற்றில் வேறு எதையும் பார்க்கத் திட்டமிடக் கூடாது. டெல்லியிலிருந்து திரும்பும் விமான டிக்கெட்டும் அந்த இரண்டு நாட்களுக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

சிம்லா வழிக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. கின்னௌர் மாவட்டத்தின் செங்குத்துச் சரிவுகளில் மழைக்காலத்தில் பாறை உருளும். 2021 ஜூலை 25 அன்று சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரியில் உருண்ட பாறைகள் ஒரு வேன் மேல் விழுந்து சுற்றுலாப் பயணிகள் ஒன்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-இல் நிகுல்சாரி அருகே தேசிய நெடுஞ்சாலையில் சரிந்த மண்ணில் ஓர் அரசுப் பேருந்தும் வேறு வண்டிகளும் புதைந்து 28 பேர் மாண்டார்கள். ஸ்பிதி மழை குறைந்த குளிர்ப் பாலைவனம் என்பதால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் போகலாம் என்று பலர் சொல்வார்கள். ஸ்பிதிக்குள் மழை குறைவு என்பது உண்மை. அங்கே போய்ச் சேரும் கின்னௌர் சாலைக்கு அது பொருந்தாது. குன்சும் கணவாய் வழக்கமாக ஜூனில் திறந்து அக்டோபரில் மூடும். அதற்குள் செப்டம்பர் முதல் மூன்று வாரங்கள்தான் இரண்டு வழிகளுக்கும் ஒருசேரப் பொருந்துகிற காலம். செப்டம்பர் கடைசியிலும் நம்பிக்கை வைக்க முடியாது: 2018-இல் அந்த வாரத்தில்தான் லாஹௌலில் கடும்பனி விழுந்து நூற்றுக்கணக்கானவர்கள் ஆங்காங்கே அகப்பட்டார்கள்.

உடம்பின் கணக்கு

4,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். மூச்சுக்கு மூச்சு உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. இதற்கு உடம்பு பழக நாட்கள் வேண்டும். உடற்பயிற்சி செய்கிறவர், இளைஞர் என்ற சலுகை எதுவும் இல்லை.

இந்தப் பாடத்தை உலகத்துக்கு விரிவாகச் சொன்னவர்கள் இந்திய ராணுவ மருத்துவர்கள். 1960-களில் சமவெளியிலிருந்து இமயமலை எல்லைக்கு அவசரமாக அனுப்பப்பட்ட வீரர்களிடம் மலைநோய் பெருமளவில் கண்டது. இந்தர் சிங்கும் அவரது சகாக்களும் நோய் கண்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து, 1969-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். மலைநோய் குறித்த மருத்துவ நூல்கள் இன்றும் அதை எடுத்தாள்கின்றன. அந்த வீரர்கள் திடகாத்திரமானவர்கள். பழகுவதற்கு நேரம் கொடுக்காமல் மேலே கொண்டுபோனதுதான் பிரச்சினையின் வேர்.

இன்றைய மலை மருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு எடுக்க வேண்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி இவை முதற்கட்டம். அங்கேயே நின்றுவிட வேண்டும். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை வருவது இவை மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்ததன் அடையாளம். அப்போது செய்ய வேண்டியது இறங்குவது மட்டும்தான். அதை விடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. கையில் இருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் இறங்கும்வரை தாங்கிக்கொள்வதற்கான துணை. அசிட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது பலருக்கு உதவும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உள்ளிட்ட எல்லோரும் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

குழுப் பயணத்தில் மலைநோய்க்கு இன்னொரு முகம் இருக்கிறது. தலைவலிக்கிறவர் அதைச் சொல்லத் தயங்குகிறார். மற்ற எல்லோருடைய பயணத்தையும் தன்னால் கெடுக்க வேண்டாமே என்று நினைக்கிறார். அதனால்தான் அனுபவமுள்ள குழுக்களில் தினமும் காலையிலும் இரவிலும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலைவலி உண்டா, தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, சிறுநீர் போகிறதா என்று கேட்டு நோட்டில் எழுதுகிறார்கள். எல்லோரையும் கேட்கும்போது ஒருவர் தனித்துத் தெரிவதில்லை. கூச்சமில்லாமல் பதில் வந்துவிடுகிறது. கேட்கிற பொறுப்பு ஒருவருக்கு நிலையாக இருக்க வேண்டும்.

வண்டியும் தண்ணீரும்

தார், ஜிம்னி, கூர்க்கா, வி-கிராஸ் வண்டிகளில் எது நல்லது என்ற விவாதத்தில்தான் பெரும்பாலான குழுக்களின் திட்டமிடல் தொடங்குகிறது. சில குழுக்களில் அங்கேயே முடிந்தும்விடுகிறது. கோடை மாதங்களில் இமாச்சல் அரசுப் பேருந்து குன்சும் வழியாகக் காஸாவுக்கு ஓடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த விவாதம் அதன் அளவில் நின்றுவிடும். நான்கு சக்கர இயக்கமும் லோ ரேஞ்ச் கியரும் உதவும். தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 20 சென்டிமீட்டராவது உயர்ந்திருந்தால் பாறைத் தட்டல் குறையும். ஆனால் பேருந்து ஓட்டுநருக்கு அந்தச் சாலை மனப்பாடம். தண்ணீர் எந்த நேரத்தில் எவ்வளவு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

கிராம்பூவிலிருந்து பாதல்வரை உள்ள ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் மேலேயுள்ள பனியாறுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் சாலையைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. உள்ளூரில் அவற்றை நாலா என்கிறார்கள். காலை எட்டு மணிக்குப் பார்த்தால் தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல், தெளிவாக இருக்கும், எந்தக் கல்மேல் சக்கரத்தை ஏற்றுவது என்று கண்ணால் தேர்ந்துகொள்ளலாம். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். பிற்பகல் நான்கு மணிக்கு அதே இடத்தில் தண்ணீர் முழங்காலைத் தாண்டி, கலங்கிப் பழுப்பாகி, அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் சத்தம் கரையில் நிற்பவர் காதில் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் இறங்கக் கூடாது. மறுநாள் காலைவரை காத்திருந்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். இதனால் பயணத்திட்டத்தில் கிளம்பும் நேரம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவாகிறது. விடியற்காலை ஆறு மணிக்கு வண்டிகள் நகர வேண்டுமென்றால் கூடாரம் சுருட்டுவது ஐந்து மணிக்கே தொடங்க வேண்டும். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிய வேண்டும்.

கடக்கும் முறையில் குழுவின் பலம் வெளிப்படும். முதலில் ஒருவர் இறங்கிப் பார்க்கிறார். ஒரு வண்டி மட்டும் தண்ணீரில் இருக்கிறது. அது மறுகரை ஏறும்வரை அடுத்தது நகர்வதில்லை. லோ ரேஞ்ச் முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், ஒரே சீரான மெதுவேகம். நடுவில் எஞ்சின் நின்று, காற்று இழுக்கும் குழாய்வரை தண்ணீர் ஏறியிருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. உள்ளே போன தண்ணீர் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் முறித்துவிடும். இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இழுப்பதற்கான கயிறும் ஷேக்கிளும் வண்டியின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும் என்று முத்திரையிட்டவையாக இருக்க வேண்டும். சேசிஸில் போல்ட் போட்டுப் பிணைத்த கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் கயிற்றை மாட்டினால் அது முறிந்து தோட்டாவாகப் பாயும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும் நேரத்தில் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. கயிற்றின் நடுவில் ஒரு கனமான கம்பளியோ பையோ போட்டு வைக்க வேண்டும். இதையெல்லாம் ஊரில் ஏதாவது ஒரு மைதானத்தில் ஒருமுறை எல்லோரும் செய்து பார்த்துவிட்டுப் போவது நல்லது.

டயர் விஷயத்திலும் மலை தன் கணக்கைக் காட்டும். சமவெளியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் காஸாவில் உப்பிப்போய் வெடிக்கிற நிலையில் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததுதான் காரணம். அதே காரணத்தால் டயரின் அழுத்தமானியும் 4,300 மீட்டரில் ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். விடியற்காலைக் குளிர் இதைக் கொஞ்சம் ஈடுகட்டும். பகல் வெயிலில் மறுபடி ஏறும். எனவே காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரிசெய்ய வேண்டும். கல்பாதையில் 25 பிஎஸ்ஐயை ஒட்டிக் குறைத்தால் டயர் கல்லை அணைத்துப் பிடிக்கும். தார்ச்சாலை வந்ததும் மறுபடி ஏற்ற கம்ப்ரஸர் வேண்டும். நான்கு வண்டிக்கு இரண்டு போதும்.

அடுப்பும் டாங்கியும்

ரெக்காங் பியோவை விட்டால் காஸாவரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காஸாவை விட்டால் மணாலிவரை மறுபடி அதே அளவு. காஸா பங்க்கில் டாங்கியை நிரப்பினால் பெரும்பாலான வண்டிகளுக்கு எரிபொருள் போதும் என்று தோன்றும். ஆனால் லோ கியரில் ஊரும்போது மைலேஜ் பாதியாகும். 'பின்' என்ற பள்ளத்தாக்குக்கும் லாங்சாவுக்கும் சுற்றியது தனிக்கணக்கு. சாலை அடைபட்டு வந்த வழியே திரும்ப நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சேர்த்துத்தான் லிட்டர் எழுத வேண்டும். கூடுதல் எரிபொருள் இரும்பு ஜெர்ரிகேனில், பயணிகள் அமரும் பகுதிக்கு வெளியே இருக்க வேண்டும்.

சமையலில் தமிழ்நாட்டுக் குழுக்கள் முதலில் தடுமாறும் இடம் சோறு. 4,300 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 86 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. சாதாரணப் பாத்திரத்தில் அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் விதையாக நிற்கும்; துவரம்பருப்பு மலரவே மலராது; காஸும் தீர்ந்துபோகும். ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று இந்தச் சிக்கலை முழுதாகத் தீர்த்துவிடும். நான்கு வண்டிகளில் போகும் பன்னிரண்டு பேருக்கு அது இரண்டு நடையில் ஆகும். அவல் உப்புமா, ரவை, முன்கூட்டியே வறுத்து அரைத்த சத்துமாவு, புளிக்காய்ச்சல் இவை எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். ஏறிய முதல் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தப்படுத்தும் என்பதால் இரண்டையும் முற்றிலும் தவிர்க்க வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே வெளிப்படையாகப் பேசி ஒப்புக்கொள்ளாத குழுவில் கேம்ப்ஃபயர் இரவன்று சச்சரவு வரும்.

யார் சொன்னால் கேட்பது

நான்கு வண்டி, பன்னிரண்டு பேர் என்பது நல்ல அளவு. வண்டிக்கு மூன்று பேர் என்றால் சாமானுக்கும் இடம் கிடைக்கும். ஒரு வண்டி முழுதாகப் படுத்துவிட்டாலும் அதில் இருந்தவர்களை மற்ற மூன்றில் ஏற்றிக்கொள்ளலாம். ஒற்றை வண்டியாக பாதல் சாலையில் போவது வீண் துணிச்சல். ஏழு எட்டு வண்டிகள் என்றால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையே ஒரு மலைத்திருப்பமே நுழைந்துவிடும். கூடாரம் போட இடமும் கிடைக்காது.

வரிசையின் முன்னால் வழி தெரிந்தவர், கடைசியில் பழுது பார்க்கத் தெரிந்தவர். அனுபவம் குறைந்தவர் முன்வண்டிக்கு அடுத்து. ஒவ்வொரு ஓட்டுநரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு: கண்ணாடியில் அது தெரியவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். இந்த ஒரே விதியைப் பிடித்தால் எந்த வண்டியும் தொலையாது. குறுகலான ஏற்றத்தில் மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதியே. இருட்டில் ஓட்டுவதில்லை என்பதைக் குழுவின் விதியாக்கிக்கொள்ள வேண்டும்.

செல்போன் சிக்னல் பெரும்பகுதியில் கிடைக்காது. வெளிநாட்டு வழிகாட்டி நூல்களைப் படித்துவிட்டு செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். இதற்காகக் கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வண்டிகளுக்கிடையே பேசுவதற்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ்வரை குறைந்த சக்தியில் இயங்கும் வாக்கி-டாக்கிகளுக்கு 2018 முதல் தனி உரிமம் தேவையில்லை. வேறு பெரும்பாலான அலைவரிசைக் கருவிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கருவி எதுவானாலும் முடிவெடுப்பது மனிதர்கள். அமெரிக்க ஆய்வாளர் இயான் மெக்கம்மன் பனிச்சரிவு விபத்துகள் 715-ஐ எடுத்து அலசி 2004-இல் வெளியிட்ட ஆய்வு, குழுவாகப் போகிற எல்லோரும் படிக்க வேண்டியது. ஆபத்தின் அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தும் மக்கள் ஏன் போனார்கள் என்று அவர் கேட்டார். பழகிய இடம் என்ற தெம்பு. மற்றவர் மெச்ச வேண்டும் என்ற ஆசை. கிளம்பிவிட்டோம், முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம். தலைவருக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை. பிறகு வாய்ப்புக் கிடைக்காது என்ற அவசரம். அங்கே வேறு ஆட்களும் இருக்கிறார்களே என்ற தைரியம். ஆறும் பனிச்சரிவுக்கு மட்டும் உரியவை அல்ல. பிற்பகல் நான்கு மணிக்கு நாலாவின் கரையில், முன்னால் இரண்டு வண்டிகள் கடந்துபோனதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குழுவிலும் ஆறும் வேலை செய்யும்.

இதற்கு மாற்று, முடிவுகளைச் சூடு பிறப்பதற்கு முன்னரே எடுத்து எழுதி வைப்பது. ஊரில், எல்லோரும் உட்கார்ந்து, நிபந்தனைகளாக எழுத வேண்டும். பகல் ஒரு மணிக்குள் லோசரைத் தாண்டவில்லை என்றால் அன்று குன்சும் ஏறுவதில்லை. வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விட்டால் காஸாவை விட்டு நகர்வதில்லை. ஒருவருக்குத் தலைவலியோடு வாந்தியும் வந்தால் மொத்தக் குழுவும் அன்று மேலே போவதில்லை. நிலை மோசமானால் இரண்டு வண்டிகள் இறங்கும், இரண்டு தங்கும், எவை என்பதும் முன்பே முடிவு. போகலாம் என்பதற்குப் பன்னிரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். வேண்டாம் என்பதற்கு ஒருவர் போதும், அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்தக் கடைசி நிபந்தனையை ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறவர் இருந்தால் அது ஊரிலேயே தெரிந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

கூடாரம் போடும் இடம்

சந்திரதால் 2005 முதல் ராம்சர் பட்டியலில் உள்ள ஈரநிலம். ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை. முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளியே இருக்கின்றன. மற்ற இடங்களிலும் ஆற்றுப்படுகையின் சமதளம் கண்ணை இழுக்கும். இரவில் மேலே மழை பெய்தால் அது ஆறாகிவிடும். சரிவின் அடியில் புதிதாக உடைந்த, கூர்மையான கற்கள் சிதறிக் கிடந்தால் அங்கே பாறை விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கிராமத்து வயலை ஒட்டிய மேட்டுநிலம், உரிமையாளரிடம் கேட்டு வாடகை கொடுத்துத் தங்குவது, பெரும்பாலும் நல்ல தேர்வு. கிராமத்துக்கும் அதனால் வருமானம்.

கூடாரத்துக்குள் ஸ்டவ், கரியடுப்பு, காஸ் ஹீட்டர் எதையும் எரிக்கவே கூடாது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தமான் என்ற மலையூரில் கேரளத்திலிருந்து போன எட்டுப் பேர், நான்கு குழந்தைகள் உட்பட, ஹீட்டர் எரிந்த மூடிய அறையில் உறங்கி மூச்சுத்திணறி இறந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. உறங்குகிறவரை அது எழுப்பாது. குளிருக்கு ஈடு, பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிவரை தாங்கும் உறக்கப்பை, அதற்கு அடியில் தரைக்குளிர் ஏறாத நல்ல மெத்தைவிரிப்பு, வெந்நீர் நிரப்பிய பாட்டில்.

கழிப்பிட விஷயம் பல திட்டங்களில் எழுதப்படுவதே இல்லை. நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குலம் ஆழக் குழி என்பது உலகெங்கும் முகாமிடுவோர் பின்பற்றும் அளவு. ஆனால் ஸ்பிதி போன்ற குளிர்ப் பாலைவனத்தில் மண்ணில் ஈரமும் நுண்ணுயிரும் குறைவு. புதைத்தது பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். டிஷ்யூவும் நாப்கினும் பையில் கட்டித் திருப்பிக் கொண்டுவர வேண்டியவை. பன்னிரண்டு பேர் குழுவுக்கு மடக்குக் கழிப்பறைக் கூடாரமும் சீல் வைக்கும் பைகளும் வாங்குவது பெரிய செலவில்லை. குழுவில் பெண்கள் நிம்மதியாக இருப்பதும் இதைப் பொறுத்தது. குப்பை மணாலிவரை வண்டியிலேயே வர வேண்டும்.

பாதையை விட்டு வண்டியை இறக்குவது சாகசம் என்ற எண்ணமும் மாற வேண்டும். 2023 டிசம்பரில் லாஹௌலில் சந்திரா நதிக்குள் ஜீப்பை ஓட்டியவருக்குக் காவல்துறை 3,500 ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு லடாக்கின் ஹுந்தர் மணல்மேடுகளில் வண்டி ஓட்டியவருக்கு 50,000 ரூபாய். உயர்மலைப் புல்தரையில் ஒரு சக்கரத்தடம் மறையப் பல ஆண்டுகள் பிடிக்கும். அங்கே மேய்கிற யாக்குகளுக்கும் ஆடுகளுக்கும் அந்தப் புல்தான் வாழ்வு. சாலையே கரடுமுரடாக இருக்கும் ஊரில் சாலையை விட்டு இறங்க வேண்டிய தேவை இல்லை.

தமிழகம் கற்ற பாடம்

மலையில் குழுவாகப் போவதற்கு ஒழுங்கு வேண்டும் என்பதைத் தமிழகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசு விசாரணை நடந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, தீக்காலத்தில் பாதைகளை மூடுவது ஆகியவை இப்போது அந்த நடைப்பயணங்களின் அடிப்படை.

வண்டியில் போய் முகாமிடுகிறவர்களுக்கும் இதே ஒழுங்கு தேவை. வண்டி நடைப்பயணத்தைவிட வேகமாக ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. கதவை மூடி ஹீட்டரைப் போட்டதும் மலையின் அறிகுறிகள் கண்ணில் படாமலும் போகின்றன. கிராம்பூ-காஸா சாலையை இருவழியாக அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. அது முடிய முடிய இன்னும் அதிக வண்டிகள், இன்னும் குறைந்த நாட்களில், இன்னும் குறைந்த அனுபவத்தோடு சந்திரதாலுக்குப் போகும். சோதனைச்சாவடிகளில் பெயரும் வண்டி எண்ணும் எழுதி வாங்குவதோடு, முந்தைய இரவு எந்த ஊரில் உறங்கினார்கள் என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். மணாலி என்று பதில் வந்தால், அன்றிரவு ஏரியில் தங்க வேண்டாம், சத்ருவிலோ கீழேயோ தங்குங்கள் என்று சொல்ல அந்த ஒரு பதில் போதும்.

அரசு அதைச் செய்யும்வரை குழுக்கள் தாங்களே செய்துகொள்ளலாம். ஒவ்வொரு இரவும் தங்கும் ஊர், அதன் உயரம், வண்டி எண்கள், ஒவ்வொருவரின் ரத்த வகை, சாப்பிடும் மருந்து, நிறுத்தும் நிபந்தனைகள் எல்லாம் அடங்கிய இரண்டு பக்கத் தாளில் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை ஊரில் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். காஸாவில் கடைசியாகப் பேசியபின் எத்தனை மணி நேரம் செய்தி வராவிட்டால் அவர் 112-ஐயும் மாவட்ட நிர்வாகத்தையும் அழைக்க வேண்டும் என்பது அந்தத் தாளின் கடைசி வரியாக இருக்க வேண்டும்.